எய்தவன் இருக்க அம்பை ஏன் கிண்டல் செய்கிறீர்கள்?

கேள்வி: வாரம் ஒருமுறை, நாளிதழ்களில் வந்த ஐந்தாறு செய்திகளை எடுத்து, கொஞ்சம் கிண்டலும் கொஞ்சம் கோபமும் கலந்து எழுதி, நண்பர்கள், உறவினர்கள், உடன் வேலை பார்ப்பவர்கள் எல்லாருக்கும் மின்னஞ்சலில் அனுப்பி வருகிறேன். பலர் விரும்பிப் படிக்கிறார்கள். அண்மையில், கடையில் வழுக்கி விழுந்ததற்காக வழக்குப் போட்டுப் பெருந்தொகை இழப்பீடு வாங்கிய ஒரு பெண்ணைப் பற்றி நான்கு வரிச் செய்தி ஒன்றைப் பார்த்தேன். 'விழுந்தால் இப்படி விழ வேண்டும்' என்று தலைப்புக் கொடுத்து எழுதினேன். எல்லாரும் சிரித்தார்கள், ஒரு தோழியைத் தவிர. அவளுடைய அக்கா இப்படித்தான் விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தாராம். அன்றிலிருந்து தோழி என்னுடன் பேசுவதில்லை. கிண்டல் என்றால் யாராவது புண்படத்தானே செய்வார்கள்? எல்லாருக்கும் நல்ல பிள்ளையாக எழுதினால் எழுத்து சப்பென்று போய்விடாதா? செய்திகளைப் படித்துப் படித்து எனக்கும் மனம் கசந்துதான் வருகிறது. பேசாமல் நிறுத்திவிடலாமா?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

நிறுத்த வேண்டாம். செய்திகளைக் கூர்ந்து படித்து, அவற்றைப் பற்றி ஒரு கருத்துக்கு வந்து, அதை நாலு பேர் ரசிக்கும்படி எழுதத் தெரிந்தவர்கள் குறைவு. நீங்கள் எழுதும் மடலால்தான் உங்கள் நண்பர்களில் சிலர் செய்தியையே படிக்கிறார்கள் என்றுகூட நினைக்கிறேன். அதனால்தான் உங்கள் கேள்வியை நான் சிறியதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கிண்டல் செய்தால் யாராவது புண்படத்தான் செய்வார்கள் என்கிறீர்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த யாராவது யார் என்பதை முடிவு செய்கிறவர் நீங்கள். விதியைப் போட்டவர், எச்சரிக்கை வந்தும் பேசாமல் இருந்தவர், பொய்க் கணக்குக் காட்டியவர் ஆகியோருக்கு உங்கள் எழுத்து உறைத்தால் அது அதன் வேலையைச் செய்திருக்கிறது. விழுந்தவருக்கு உறைத்தால் குறி தவறிவிட்டது. எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று நம் ஊர்ப் பாட்டிகள்கூடச் சொல்வார்கள். செய்தி விமர்சனத்தில் நாம் அடிக்கடி அம்பைத்தான் நோகிறோம். காரணம் எளிது. அம்பு கண்முன்னே கிடக்கிறது, எய்தவனைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது.

நீங்கள் எழுதியது போன்ற ஒரு செய்திதான் உலகம் முழுக்கச் சிரிப்பு மூட்டிய 'சூடான காபி வழக்கு'. அமெரிக்காவில் ஒரு கிழவி காபியைத் தன்மேல் கொட்டிக்கொண்டு, கடைக்காரரிடம் லட்சக்கணக்கான டாலர்களைப் பிடுங்கிக்கொண்டார் என்று நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். இரவு நேரத் தொலைக்காட்சி நகைச்சுவையாளர்கள் அதைப் பல ஆண்டுகள் வைத்துப் பிழைத்தார்கள். நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நான்கு வரிச் செய்திக்குள் என்னவெல்லாம் காணாமல் போகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

1992 பிப்ரவரியில், நியூ மெக்சிகோ மாநிலத்தின் அல்புகர்க்கி நகரில், 79 வயதான ஸ்டெல்லா லீபெக் மெக்டொனால்ட்ஸ் கடையில் 49 சென்ட் கொடுத்து ஒரு காபி வாங்கினார். காரை ஓட்டியவர் அவருடைய பேரன். கார் ஓடிக்கொண்டிருக்கவில்லை. பாலும் சர்க்கரையும் கலந்துகொள்வதற்காக நிறுத்தியிருந்தார்கள். கோப்பையை முழங்கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு மூடியைத் திறக்கப் போனபோது முழுவதும் மடியில் கொட்டிவிட்டது. அணிந்திருந்த பருத்தி உடை அதை உறிஞ்சிக்கொண்டு தோலோடு ஒட்டியது. தொடையிலும் இடுப்புக்குக் கீழும் மூன்றாம் நிலைத் தீக்காயம், அதாவது தோலின் முழு ஆழத்துக்கும் வெந்துபோகும் காயம். எட்டு நாட்கள் மருத்துவமனையில் இருந்தார். வேறிடத்திலிருந்து தோலை எடுத்து ஒட்ட வேண்டியிருந்தது.

அவர் முதலில் கேட்ட தொகை 20,000 டாலர், மருத்துவச் செலவையும் அதைச் சார்ந்த இழப்பையும் ஈடுகட்ட. நிறுவனம் தர முன்வந்தது 800 டாலர். வழக்கு விசாரணைக்கு வந்த பிறகுதான் மற்றவை வெளியே வந்தன. அந்த நிறுவனம் காபியை 82 முதல் 88 டிகிரி செல்சியஸ் வரையான சூட்டில் வைத்திருக்க வேண்டும் என்று விதி வைத்திருந்தது. அந்தச் சூட்டில் தோல் சில நொடிகளில் வெந்துவிடும். அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் 700-க்கும் மேற்பட்டவர்கள் சுட்டுக்கொண்டதாகப் புகார் கொடுத்திருந்தார்கள். நிறுவனத்தின் தரக் கட்டுப்பாட்டு மேலாளர் சாட்சிக் கூண்டில் ஏறி, விற்கும் காபியின் அளவைப் பார்த்தால் தங்கள் நடைமுறையை மறுபரிசீலனை செய்ய இந்த எண்ணிக்கை போதாது என்ற பொருளில் சாட்சியம் சொன்னார்.

1994-இல் ஜூரிகள், அதாவது வழக்கைக் கேட்டு முடிவு சொல்லப் பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், தீர்ப்பளித்தார்கள். கிழவியின் மீதும் 20 சதவீதத் தவறு உண்டு என்று சொல்லி, 2 லட்சம் டாலர் இழப்பீட்டில் 40,000 டாலரைக் கழித்தார்கள். இதை நினைவில் வையுங்கள். அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு பணத்தை வாரி இறைக்கவில்லை. இழப்பீட்டுக்கு மேல், நிறுவனத்தைத் தண்டிப்பதற்கான தொகையாக 27 லட்சம் டாலர் விதித்தார்கள். அது அந்த நிறுவனத்துக்குக் காபி விற்பனையில் ஏறத்தாழ இரண்டே நாளில் வரும் வருமானம். நீதிபதி அதையும் வெட்டி, மொத்தத் தொகையை 6.4 லட்சம் டாலராகக் குறைத்தார். பிறகு இரு தரப்பும் நீதிமன்றத்துக்கு வெளியே, வெளியில் சொல்லாத ஒரு தொகைக்குச் சமரசம் செய்துகொண்டன.

ஊர் முழுக்கப் போய்ச் சேர்ந்ததோ 'காபி கொட்டியதற்குக் கிட்டத்தட்ட 29 லட்சம் டாலர்' என்ற ஒற்றை வரி. தோல் ஒட்டு இல்லை, 800 டாலர் இல்லை, 700 புகார்கள் இல்லை, தொகை குறைக்கப்பட்டதும் இல்லை. அந்த ஒற்றை வரியைக் கையில் வைத்துக்கொண்டு, இழப்பீட்டு வழக்குகளுக்கே கடிவாளம் போட வேண்டும் என்று பெரிய நிறுவனங்களின் பக்கம் நின்றவர்கள் பிரசாரம் செய்தார்கள். சிரித்தவர்களில் பெரும்பாலோர் கெட்டவர்கள் அல்ல. அவர்களுக்குக் கிடைத்த செய்தி அவ்வளவுதான். ஆனால் எழுதுகிறவருக்கு அந்தச் சமாதானம் கிடையாது. நீங்கள் எழுதுகிறவர்.

செய்திப் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் என்ற முறையில், இது எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். நிருபர் எழுதும் செய்தியில் முக்கியமானது மேலே இருக்கும், பின்னணி கீழே இருக்கும். இடம் போதாதபோது டெஸ்க்கில், அதாவது செய்தியைத் திருத்தும் பிரிவில், இருப்பவர் கீழிருந்து மேலாக வெட்டிக்கொண்டு வருவார். அது சதியல்ல, தினசரி வேலை. வேறு பத்திரிகை அதைச் செய்தி நிறுவனம் வழியாக வாங்கி இன்னும் இரண்டு பத்தியை வெட்டும். கடைசியில் ஒரு பக்கத்தின் ஓரத்தில் துணுக்காக நிற்கும்போது, வியப்பூட்டும் முடிவு மட்டும் மிஞ்சும், அந்த முடிவுக்கு இட்டுச்சென்ற காரணம் போயிருக்கும். தலைப்பை எழுதுகிறவரும் பெரும்பாலும் நிருபர் அல்ல. ஆகவே, சிரிப்பு வரவழைக்கும் செய்தி எவ்வளவு சின்னதோ, அவ்வளவு தூரம் அதன் பின்னால் போய்த் தேட வேண்டும். அந்தச் செய்தி முதலில் வந்த ஊரின் பத்திரிகையைத் தேடிப் பாருங்கள், அங்கேதான் நீளமான வடிவம் இருக்கும். நீதிமன்றச் செய்தி என்றால் தீர்ப்பைத் தேடுங்கள். பல நாடுகளில் தீர்ப்புகளை யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

உங்கள் நான்கு வரிச் செய்திக்கே வருவோம். தரை ஏன் ஈரமாக இருந்தது? எவ்வளவு நேரமாக? அதே இடத்தில் முன்பு யாராவது விழுந்திருக்கிறார்களா? அந்தப் பெண் முதலில் கேட்டது எவ்வளவு, கடைக்காரர் என்ன பதில் சொன்னார்? மேல்முறையீட்டில் தொகை நின்றதா? இந்தக் கேள்விகளுக்கெல்லாம் விடை தெரிந்த பிறகும் அந்தப் பெண் பேராசைக்காரி என்று உங்களுக்குத் தோன்றினால் தாராளமாக எழுதுங்கள், உங்கள் பக்கம் நான் நிற்கிறேன். விடை தெரியாமல் எழுதினால் நீங்கள் கிண்டல் செய்வது அந்தப் பெண்ணை அல்ல, உங்கள் கற்பனையில் இருக்கும் ஒருத்தியை. ஆனால் வலி மட்டும் உண்மையான ஒரு பெண்ணுக்கு. உங்கள் தோழிக்கு நேர்ந்தது அதுதான். அவரிடம் 'யாரையும் புண்படுத்தும் எண்ணம் இல்லை' என்று பொதுவாகச் சொல்லாதீர்கள், அது யாரையும் ஆற்றாது. அக்காவுக்கு என்ன நடந்தது என்று கேளுங்கள், குறுக்கே பேசாமல் கேளுங்கள். அவர் சொல்ல விரும்பவில்லை என்றால் விட்டுவிடுங்கள். எக்காரணம் கொண்டும் அதை அடுத்த மடலுக்குச் சரக்காக்காதீர்கள்.

எழுத்து சப்பென்று போய்விடாதா என்ற உங்கள் பயத்துக்கு வருகிறேன். போகாது. காபி வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். கிழவியைக் கிண்டல் செய்வதற்கு என்ன திறமை வேண்டும்? ஆனால் '700 பேர் சுட்டுக்கொண்டார்கள்' என்று ஒரு வரி எழுதி, அதற்கு அடுத்த வரியில் அந்த எண்ணிக்கை போதாது என்ற மேலாளரின் சாட்சியத்தை அப்படியே வைத்துப் பாருங்கள். ஓர் அடைமொழி தேவையில்லை, 'என்னே கருணை!' என்று வியப்புக்குறி போடத் தேவையில்லை. படிப்பவர் முகம் சிவக்கும். செய்தி விமர்சனத்தில் நான் மதிக்கும் கூர்மை இதுதான். எதை எதற்குப் பக்கத்தில் வைக்கிறோம் என்பதிலேயே கருத்து வந்துவிட வேண்டும். அதிகாரத்தில் இருப்பவர்கள் சொன்ன வாக்கியங்களைச் சேர்த்து வையுங்கள், நாள் குறித்து வையுங்கள். ஆறு மாதம் கழித்து அவை உங்களுக்குக் கைகொடுக்கும். ஆனால் அவர்கள் சொன்னது சொன்னபடியே இருக்க வேண்டும். சுவைக்காக ஒரு சொல்லை மாற்றினாலும் உங்கள் வாதம் முழுவதும் விழுந்துவிடும்.

எண்கள் வரும் செய்திகளில் இரட்டிப்புக் கவனம் வேண்டும். 1995 அக்டோபரில் பிரிட்டனில் மருந்துப் பாதுகாப்புக் குழு ஓர் எச்சரிக்கை விடுத்தது: புதிய வகைக் கருத்தடை மாத்திரைகள் ரத்தக்கட்டு (நாளத்தில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்வது) வரும் ஆபத்தை இரு மடங்காக்குகின்றன. இரு மடங்கு என்ற சொல் தலைப்புகளுக்குப் போயிற்று. உண்மையில் ஏறத்தாழ 7,000 பெண்களில் ஒருவருக்கு வந்தது, 7,000-இல் இருவருக்கு வரும் என்பதே அதன் பொருள். பதறிப்போன பெண்கள் மாத்திரையை நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அதனால் கூடுதலாக சுமார் 13,000 கருக்கலைப்புகள் நடந்ததாக மதிப்பிடுகிறார்கள். கர்ப்பத்தில் ரத்தக்கட்டு வரும் வாய்ப்பு அந்த மாத்திரையால் வருவதைவிட அதிகம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 'இரு மடங்கு', '50 சதவீதம் கூடுதல்' என்று பார்த்த உடனே எதிலிருந்து எதற்கு என்று கேளுங்கள். அது செய்தியில் இல்லையென்றால் அந்தச் செய்தியை உங்கள் மடலில் சேர்க்காதீர்கள். ஒரு வாரம் தள்ளிப்போட்டால் எதுவும் குடிமுழுகிப் போய்விடாது.

சில செய்திகளைக் கிண்டலுக்கே எடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. வழக்கு முடியாத ஒருவர், பிள்ளையைப் பறிகொடுத்தவர், மனநலம் குன்றி ஏதோ செய்துவிட்டவர் ஆகியோரைப் பற்றிய செய்திகள் எவ்வளவு விசித்திரமாக இருந்தாலும் சரி. ஆஸ்திரேலியாவில் 1980 ஆகஸ்டில் உலுரு பாறைக்கு அருகே கூடாரத்தில் தூங்கிக்கொண்டிருந்த ஒன்பது வாரக் குழந்தை அசாரியாவை டிங்கோ எனப்படும் காட்டுநாய் தூக்கிச் சென்றுவிட்டது என்று தாய் லிண்டி சேம்பர்லேன் கதறினார். பலர் நம்பவில்லை. தொலைக்காட்சியில் அவர் போதுமான அளவு அழவில்லை என்பதுகூட அவருக்கு எதிரான சாட்சியம் போலப் பேசப்பட்டது. 1982-இல் குழந்தையைக் கொன்றதாக ஆயுள் தண்டனை. 1986-இல் காட்டுநாய்களின் வளைகள் இருந்த பகுதியில் குழந்தையின் மேல்சட்டை கிடைத்த பிறகுதான் சிறையிலிருந்து வெளியே வந்தார். 1988-இல் தீர்ப்பு ரத்தானது. குழந்தையைக் கொன்றது காட்டுநாய்தான் என்று மரண விசாரணை அதிகாரி அறிவித்தது 2012-இல். அந்தத் தாயின் அலறல் இடையில் எத்தனையோ ஆண்டுகள் பல நாடுகளில் நகைச்சுவை வசனமாக ஓடியது. அந்த நகைச்சுவையை எழுதியவர்களில் யாரும் ஒரு சட்டத்தையும் மீறவில்லை. அவர்கள் செய்தது கொடுமை என்று சொல்ல எனக்குச் சட்டம் தேவையில்லை.

உங்கள் மடலின் அமைப்பைப் பற்றியும் ஒரு சொல். பல செய்திகளைக் கோத்து எழுதும்போது எதற்குப் பிறகு எது வருகிறது என்பதில் கவனம் வையுங்கள். சாவுச் செய்திக்கு அடுத்து வேடிக்கைச் செய்தி வந்தால் இரண்டும் கெடும். ஐந்தாறு வேண்டாம், மூன்று போதும். மிச்சமாகும் நேரத்தை அந்த மூன்றின் பின்னால் போய்த் தேடச் செலவிடுங்கள்.

உங்கள் மடல் நண்பர்களோடு நின்றுவிடும் என்றும் எண்ணாதீர்கள். ஒரு பத்தியை மட்டும் வெட்டி யாரோ யாருக்கோ அனுப்புவார்கள். அங்கே உங்கள் பெயர் இராது, உங்கள் குரலும் இராது. 2012-இல் அமெரிக்க நையாண்டி இதழான 'தி ஆனியன்', வடகொரியத் தலைவர் கிம் ஜோங் உன்னை உலகின் மிகக் கவர்ச்சியான ஆண் என்று அறிவித்தது. சீனாவின் 'பீப்பிள்ஸ் டெய்லி' நாளிதழின் இணையதளம் அதை மெய்யென்று நம்பி, 55 படங்களுடன் வெளியிட்டது. பெரிய நாளிதழுக்கே நேர்வது உங்கள் சித்தப்பாவுக்கு நேராதா? வஞ்சப்புகழ்ச்சி எழுதும்போது, அந்தப் பத்தி தனியாகக் கிடந்தாலும் நீங்கள் எந்தப் பக்கம் என்று புரியுமா என்று ஒருமுறை படித்துப் பாருங்கள். புரியாது என்றால் நேராகவே எழுதிவிடுங்கள்.

மனம் கசக்கிறது என்றீர்களே, அது உங்களுக்கு மட்டும் நேர்வதல்ல. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ராய்ட்டர்ஸ் இதழியல் ஆய்வு நிறுவனம் ஆண்டுதோறும் பல நாடுகளில் கருத்துக் கணிப்பு எடுக்கிறது. செய்திகளைச் சில நேரமோ அடிக்கடியோ தவிர்ப்பதாகச் சொன்னவர்கள் 2017-இல் 29 சதவீதம், 2024-இல் 39 சதவீதம். கசப்புக்கு ஒரு காரணம், நாம் ஒவ்வொரு செய்தியையும் அது வெடிக்கிற நாளோடு விட்டுவிடுவது. பிறகு என்ன ஆயிற்று என்று யாரும் போய்ப் பார்ப்பதில்லை. 1982-இல் அமெரிக்காவின் சிகாகோ பகுதியில் டைலெனால் என்ற வலிநிவாரணி மாத்திரைக் குப்பிகளில் யாரோ சயனைடு கலந்து, ஏழு பேர் இறந்தார்கள். கொலையாளி தண்டிக்கப்படவே இல்லை. அந்தச் செய்தியை அங்கே நிறுத்தினால் மனம் கசக்கத்தான் செய்யும். ஆனால் அதைத் தயாரித்த நிறுவனம் ஏறத்தாழ 3.1 கோடி குப்பிகளைத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டு நவம்பரில், யாராவது பிரித்திருந்தால் உடனே தெரியும்படி மருந்துகளை மூடி முத்திரையிட வேண்டும் என்று அமெரிக்க அரசு விதி கொண்டுவந்தது. மருந்துக் குப்பியின் வாயில் ஒட்டியிருக்கும் மெல்லிய தகட்டைக் கிழிக்கும்போது நீங்கள் அந்த விதியைத்தான் தொடுகிறீர்கள். உங்கள் மடலில் வாரம் ஒரு பழைய செய்திக்கு இடம் கொடுங்கள். முன்பு நீங்களே எழுதிய ஒன்றை எடுத்து, இன்று அது எங்கே நிற்கிறது என்று தேடிச் சொல்லுங்கள். சில நேரம் நல்லது நடந்திருக்கும். பல நேரம் நடந்திருக்காது, அப்போது யாரைக் கேட்க வேண்டும் என்பதாவது தெரிந்துவிடும்.

கடைசியாக, திருத்தம். வழுக்கி விழுந்த பெண்ணின் வழக்கு விவரங்களைத் தேடுங்கள். நீங்கள் எழுதியது தவறு என்று தெரிந்தால், அடுத்த மடலின் முதல் பத்தியில் சொல்லுங்கள், அடியில் ஒளித்து வைக்க வேண்டாம். என்ன எழுதினீர்கள், எது தவறு, சரியான தகவல் எது, எங்கே கிடைத்தது என்ற நான்கும் இருக்கட்டும். அந்தப் பழைய தலைப்பை மீண்டும் அச்சிடாதீர்கள். தவறில்லை என்று தெரிந்தாலும், நீங்கள் கண்டுபிடித்த விவரங்களை எழுதுங்கள். நான்கு வரியில் வந்த செய்தியை உங்கள் நண்பர்கள் முழுதாக ஒருமுறை படிக்கட்டும்.